வேண்டாததை வெட்டவும்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பெரிதாக ஒன்றும் சாதித்தவன் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். ஆனாலும் ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஒரு தாளில் இருந்த இரண்டே சொற்களைப் பற்றிய காரியம் அது. உங்களிடம் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுசாக எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. உங்களில் மூத்தவள் மட்டும் பிறந்து ஏணையில் கிடந்தாள். ஈப்போவில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். எல்லாரும் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பிழைக்க வந்தவர்கள். லாரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர், கடையில் நிற்கிறவர், என்னைப் போல ஒருவன். எங்கள் செயலாளர் மட்டும் அரசாங்க ஆபீஸில் கிளார்க். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடித்தால் இடைநிலைப் பள்ளிக்கு டவுனுக்குத்தான் வர வேண்டும். பஸ் ரோடு வரைக்குமே செம்மண் பாதையில் நடக்க வேண்டும். பாதிப் பேர் முதல் வருஷத்திலேயே நின்றுவிடுவார்கள். பெண் பிள்ளைகள் போவதே அபூர்வம். அதனால் சங்கம் ஈப்போவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளை வாடகைக்குப் பிடித்தது. ஒன்று பையன்கள் தங்க, ஒன்று பெண் பிள்ளைகள் தங்க. சமைத்துப் போட ஓர் அம்மாவையும் பேசி வைத்தார்கள். இனி பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியதுதான். அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் வேண்டும்.

பாரத்தைச் செயலாளரே தயார் செய்தார். அரசாங்கத்து மலாய் பாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் மாற்றி, சங்கத்துத் தமிழ்த் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டினார். மெழுகுத் தாளில் எழுத்துகள் கொத்தியது போல் அழகாக விழுந்திருந்தன. சைக்ளோஸ்டைல் மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. அச்சகத்துக்காரன் என்பதால் அது எனக்கு வந்து சேர்ந்தது.

ஆறு தாள் சுற்றியதும் நான் நிறுத்திவிட்டேன்.

"என்னப்பா, மை தீந்துபோச்சா?" என்று கேட்டார் செயலாளர்.

"இல்லங்கய்யா. இந்த ஆற மட்டும் மொதல்ல யார்கிட்டயாவது குடுத்து நெரப்பச் சொல்லிப் பாப்பமா? அப்பறமா மிச்சத்த அடிக்கலாம்."

"எதுக்கு? எழுத்துப் பிழை இருக்கா?"

"எழுத்துப் பிழை ஒண்ணுமில்ல. ஆனா அச்சகத்துல நாங்க ஒரு புரூப் எடுத்துப் பாக்காம ஆயிரம் அடிக்க மாட்டோம். அடிச்ச பிறகு தப்பு தெரிஞ்சா தாளெல்லாம் குப்பைக்குப் போவும்."

"நான் மூணு தடவ படிச்சிட்டேன்."

"நீங்க படிச்சிங்க. நெரப்பப் போறவங்க படிக்கலியே, ஐயா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. "மெஷின் சுத்துற வேலையோட நிறுத்திக்கோலா," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் எங்கள் சங்கத் தலைவர், பேச்சு குறைவான மனிதர், "ஒரு ஞாயித்துக்கெழம தானே. போய்ட்டு வரட்டும்," என்று முடித்து வைத்தார்.

எந்தத் தோட்டத்துக்குப் போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. லகாட் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம். அங்கே எங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளில் நாலாவது வீட்டில் ஓர் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் அப்படித்தான். அவளுடைய மகள் அந்த வருஷம் ஆறாம் வகுப்பு, வகுப்பிலேயே முதல் பிள்ளை. விடுதி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்கா என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "தம்பி, எம்மகளுக்கு ஒரு எடம் கெடைக்குமா?" அவள் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கும் மகளை அனுப்பச் சம்மதம்தான். "போவட்டும், படிக்கட்டும்" என்று தலையாட்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மற்ற நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை அன்று காலியாக இருந்தது. அங்கே ஆறு குடும்பத்துக்காரர்களை உட்கார வைத்தேன்.

"பாரம் கொண்டாந்திருக்கேன்," என்றேன்.

"கொண்டாங்க. நாங்க தூக்காத பாரமா?" என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது. வாளியில் பால் சுமக்கிறவர்கள் இல்லையா.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். குடும்பத்துக்கு ஒரு தாள், ஒரு பென்சில். யாருக்கும் நான் விளக்கம் சொல்ல மாட்டேன். தாள் என்ன சொல்கிறதோ அதை வைத்து அவர்களே நிரப்ப வேண்டும். தபாலில் போகும் பாரத்துக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நான் இருக்க மாட்டேனே! எங்கே பென்சில் நிற்கிறது, எங்கே தலையைச் சொறிகிறார்கள் என்று மட்டும் பார்த்து எழுதிக்கொள்வது என் வேலை.

இப்போது உங்களில் ஒருத்தி ஆபீஸில் கணினியில் பாரம் செய்து, "அப்பா, ஊருக்கெல்லாம் அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க நெரப்பிப் பாருங்க" என்று என் முன்னால் வைக்கிறாள். நான் எந்த இடத்தில் முழிக்கிறேன் என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

சரி, கொட்டகைக்கு வருகிறேன். முதல் வரியிலேயே கூத்து ஆரம்பித்தது. 'குடும்பத் தலைவர் பெயர்' என்று இருந்தது. தோட்டத்தில் தலைவர் என்றால் ஒரே ஆள்தான், தொழிற்சங்கத் தலைவர். சம்பளத் தகராறு, தண்ணீர்க் குழாய், கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆறு தாளில் நாலில் அவர் பெயர் எழுதியிருந்தது! அந்த நாலில் ஒன்று மட்டும் அவருடைய சொந்தத் தாள்.

அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "நாலு வீட்டுக்கும் நானா? எனக்குத் தெரியாம இது எப்பலா நடந்துச்சு?" என்றார்.

அவர் மனைவி திரும்பாமலே சொன்னாள்: "வீட்டுக்கு வாங்க. பேசிக்கலாம்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் ஒரு பெரியவர் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "தோட்டத்த விக்கப் போறதாப் பேச்சு. நிரந்தரம்னு எத எழுதறது?" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள். அக்காவும் மாமாவும் மட்டும் இன்னும் தாளின் மேல் குனிந்திருந்தார்கள். அக்கா நாலாம் வகுப்பு வரை படித்தவள். மாமாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் பென்சில் மாமா கையில்தான் இருந்தது. அவர் விரல் வைத்து உரக்கப் படித்தார்.

"விண்ணப்பிக்கும் பிள்ளை. மகன், மகள். வேண்டாததை வெட்டவும்." நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "எத வெட்டணும்?"

"வேண்டாதத."

"ஓ. அப்ப ரெண்டுல ஒண்ணுதான் எடுப்பாங்க."

"வேண்டாத புள்ளன்னு நம்ம வீட்ல யாரு இருக்கா?" என்றாள் அக்கா.

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் போட்ட நிபந்தனையே என் வாயைக் கட்டியது. மகளுக்கு ஒரு தம்பி உண்டு, ஐந்தாம் வகுப்பு, அடுத்த வருஷம்தான் ஆறு. மாமா பென்சிலைக் காதில் செருகி, எடுத்து, மறுபடி செருகி யோசித்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னா, பையனுக்குத்தான் எடத்தப் புடிச்சி வைக்கணும். அவ எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா. போதும். அடுத்த வருஷம் ஒன்னோட வந்து பால் எடுக்கட்டும்."

சொல்லிக்கொண்டே 'மகள்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். தினமும் மரப் பட்டையில் கோடு இழுக்கிற கை. நேராக, அழுத்தமாக விழுந்தது.

"என்னாத்த வெட்டுனிங்க?" என்றாள் அக்கா.

"பாரத்துல கேட்டிருக்கு, வெட்டுனேன். நானாவா கேட்டேன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமா, பாரந்தான் தப்பு. ஒண்ணுதான் எடுப்போம்னு இல்ல. ஆம்பளப் புள்ளயா பொம்பளப் புள்ளயா, எந்த வீட்ல தங்கறதுன்னு தெரிஞ்சிக்கத்தான் அப்படிக் கேட்டிருக்கு. ஒங்க ரெண்டு புள்ளைங்களும் வரலாம்."

"அச்சடிச்சது எப்படி மச்சான் தப்பாவும்?"

"அடிச்சவனே நாந்தான், மாமா."

"அப்ப சரியாத்தான் அடிச்சிருப்ப," என்று தாளை என் கையில் கொடுத்தார். "இப்ப நெனச்சுப் பாத்தா அதுவும் நல்ல யோசனதான். பையன் படிக்கட்டும். மக வீட்டோட இருக்கட்டும்."

அக்கா எழுந்து போய்விட்டாள். போகும்போது என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை. காலையில் அந்த மனிதர் தலையில் அப்படி ஓர் எண்ணமே இல்லை. நாங்கள் கொடுத்த தாள் அவரிடம் கேட்கக் கூடாததைக் கேட்டு, அவரும் பதில் சொல்லிவிட்டார். பாரத்தைச் சோதிக்கப் போய் ஒரு பெண் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டு வருகிறோமோ என்று பயமாக இருந்தது. வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஏணையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பாரத்த அடிச்சது யாரு?"

"நாந்தான்."

"அப்ப மாத்த வேண்டியதும் நீங்கதான்."

அவ்வளவுதான் அவள் பேச்சு.

மறுநாள் அச்சகத்தில் கூட வேலை செய்யும் மலாய்க்கார நண்பரிடம் செயலாளர் வைத்திருந்தது போன்ற மலாய் பாரம் ஒன்றைக் காட்டி, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கத்தில் கூட்டம். ஆறு தாளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். நாலு வீட்டுக்கு ஒரே தலைவர் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். பிறகு அக்கா வீட்டுத் தாளைக் கையில் எடுத்தார்.

"இது சரியாத்தானே இருக்கு. பையனுக்குக் கேட்டிருக்காங்க. மகள்னு இருக்கறத வெட்டிட்டாங்க. இதுல என்ன தப்பு?"

"அவங்களுக்கு மகளும் இருக்கா ஐயா. இந்த வருஷம் ஆறாம் வகுப்பு முடிக்கிறவ அவதான். பையன் அஞ்சாம் வகுப்பு."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல அந்தப் பிள்ள இல்லையே?"

"வேண்டாதத வெட்டுங்கன்னு நாம சொன்னோம். வெட்டிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் தன் பக்கம் நியாயம் சொல்லிப் பார்த்தார். "மலாய்ல 'பொத்தோங்'னுதானே போட்டிருக்கு? பொத்தோங்னா வெட்டு. அரசாங்கத்துப் பாரமே அப்படித்தான்."

"பொத்தோங் சரிங்கய்யா. ஆனா அதுக்கு அப்பறம் 'திடாக் பெர்க்கெனான்'னு வருது. அப்படின்னா பொருந்தாததுன்னு அச்சகத்துல ஒரு மலாய்க்காரர் சொன்னாரு. நாம வேண்டாததுன்னு போட்டுட்டோம். அதுவும் தோட்டத்துல பொத்தோங்னா, வெட்டுன்னா, கத்தி புடிக்கிற வேல. வெட்டச் சொன்னா சும்மா விடுவாங்களா?"

கிளார்க் ஒருவரிடம் நான் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்த் தட்டச்சில் புது ஸ்டென்சில் ஒன்றை ஏற்றினார். உட்கார்ந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு. எப்படி எழுதணும்?"

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுத்து அடுக்குவேன், மை தடவுவேன், கைப்பிடி சுற்றுவேன். எழுதுவது வேறு யாரோ. அன்றைக்குத்தான் நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் தட்டினார். குடும்பத் தலைவர் போய், தகப்பனார் பெயர், தாயார் பெயர் என்று வந்தது. நிரந்தர முகவரி போய், கடிதம் போட வேண்டிய முகவரி. ஒரு வீட்டுக்கு ஒரு பாரம் என்பதை மாற்றி, ஒரு பிள்ளைக்கு ஒரு பாரம் ஆக்கினோம். பொருளாளர் தாள் செலவைப் பற்றி முனகினார். "தாளு போனா போவுதுலா," என்றார் செயலாளர், திரும்பிப் பார்க்காமல். மகன், மகள் வரியில் வெட்டுவதை எடுத்துவிட்டு, சரியானதைச் சுற்றி வட்டம் போடவும் என்று எழுதினோம்.

"இப்ப அடிக்கலாமா?" என்று கேட்டார்.

"திருத்தின பிறகு இன்னொரு புரூப் எடுக்கணும், ஐயா."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டையோடு என் கப்சாய் மோட்டாரில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். செம்மண் பாதையில் சட்டை என்ன நிறம் ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வழியில் அவருக்கும் நிபந்தனையைச் சொன்னேன். பேசக் கூடாது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனோம். மாமா முதலில் தாளை வாங்கவே இல்லை.

"அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டனே, மச்சான்."

"அந்தப் பாரம் இப்ப இல்ல மாமா. இது வேற. இதுவும் சரியா இருக்கான்னு பாக்கணும். சங்கத்து ஐயாவே வந்திருக்காரு."

டவுனிலிருந்து ஓர் ஐயா வந்து வாசலில் நிற்கும்போது மாமாவுக்கு முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. பாயை விரித்தார். பென்சிலை எடுத்தார். அக்கா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் வரவில்லை. மாமா விரல் வைத்துப் படித்தார்.

"இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு முடிக்கும் உங்கள் பிள்ளையின் பெயர்." விரல் நின்றது. "ஆறாம் வகுப்பு முடிக்கிறது." அடுப்படிப் பக்கம் திரும்பினார். "பையன் அஞ்சாவதுதானே?"

"ஆமா."

"அப்ப இதுல அவன் பேரு வராதா?"

அக்கா பதில் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நானும் சொல்லவில்லை. செயலாளர் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். மூடிக்கொண்டார். வெளியே யாரோ வாளி கழுவும் சத்தம் கேட்டது. மாமா அந்த வரியை இன்னொரு தடவை, இந்தத் தடவை உதடு மட்டும் அசைய, படித்தார். தாளில் வெட்டுவதற்கு எதுவும் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடிய மாதிரி எனக்குத் தோன்றியது. எழுதுவதற்குத்தான் இடம் இருந்தது.

கடைசியில், அடுப்படியைப் பார்த்து, "அவ பேருக்கு ரெண்டு சுழியா மூணு சுழியா?" என்று கேட்டார்.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணு சுழி," என்றாள்.

அவர் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக அக்கா சொல்லச் சொல்ல, பெற்ற மகளின் பெயரை முதல் தடவையாக ஒரு தாளில் எழுதினார். கோணல்மாணலாகத்தான் இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அடுத்த வரிக்கு வந்தார். சரியானதைச் சுற்றி வட்டம் போடவும்.

"வட்டம் போட்டா வேணும்னு அர்த்தந்தானே?" என்று கேட்டார். நான் நிபந்தனையை மறந்து, "ஆமா மாமா," என்றேன். மகள் என்ற சொல்லைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டார். கீழ் வரியின் பாதியும் வட்டத்துக்குள் வந்துவிட்டது. செயலாளர் அதைக் குறை சொல்லவில்லை. வரிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று மட்டும் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவர் ஸ்டென்சிலை மறுபடி வெட்டினார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். கை வலித்தது, ஆனால் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. பேராக் மாநிலம் முழுக்க எங்கெங்கோ உள்ள தோட்டங்களுக்கு, பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டம் வரைக்கும், அந்தப் பாரம் போனது. நிரப்பித் திரும்பி வந்தவற்றில் எங்களுக்குப் புரியாதது என்று ஒன்றிரண்டுதான் இருந்தன. பெண் பிள்ளைகளின் பெயர்கள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பெண்கள் வீட்டில் கட்டில் போதாமல், செயலாளர் தன் வீட்டுக் கட்டில் ஒன்றைத் தூக்கி வந்து போட்டார்.

வருஷம் பிறந்து பள்ளி திறப்பதற்கு முதல் நாள், அக்காவின் மகள் வந்தாள். மாமாதான் பஸ்ஸில் கூட்டி வந்தார். தகரப் பெட்டியை அவர் தோளில் சுமந்து வந்தார், மகளிடம் கொடுக்கவில்லை. சேர்க்கும் மேசையில் செயலாளர் பாரத்தை எடுத்து, பெரிய வட்டம் போட்ட அந்தத் தாளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, எழுந்து நின்று மாமாவுக்குக் கை கொடுத்தார். எதற்கு என்று மாமாவுக்குப் புரியவில்லை. கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

மகள் உள்ளே போய் எந்தக் கட்டில் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லும் வரை அவர் வாசலிலேயே நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்தார்.

"மச்சான், பையனுக்கு அடுத்த வருஷப் பாரம் இருக்கா? இப்பவே குடுத்தினா நெரப்பி வெச்சிருவேன்."

"இன்னும் அடிக்கல மாமா," என்றேன். "ஆறு தாள் அடிச்சதும் மொதல்ல ஒங்ககிட்டதான் கொண்டாருவேன். எங்க தப்புன்னு பாத்துச் சொல்லணும்."

"நானா?" என்றார். பிறகு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "சரி, பாத்துச் சொல்றேன்லா," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.